வகுப்பை விட்டு ஓடாதவன்

எங்கள் ஊரில் பூமி குலுங்கினால் ஓட வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டவெளியைப் பார்த்து ஓடுவார்கள். நாங்கள் சுரங்கத்தின் வாயைப் பார்த்து ஓடுவோம். கோலார் தங்க வயலில் பிறந்த எவருக்கும் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. நடக்கத் தெரிந்தபோதே இதுவும் தெரிந்துவிடும்.

தரைக்குக் கீழே வெகு ஆழத்தில், தங்கம் எடுத்துக் காலியான இடங்களைச் சுற்றியுள்ள பாறை, தன்மேல் இருக்கும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். பர்ஸ்ட் என்போம். மேலே வீட்டில் அலமாரித் தட்டுகள் கலகலக்கும். சுவரில் மாட்டிய புத்தர் படம் கோணிக்கொள்ளும். அடுத்த நொடி, கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளின் கதவெல்லாம் திறக்கும். பெண்கள் அடுப்பிலிருப்பதை இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஷாஃப்ட்?" ஷாஃப்ட் என்பது ஆட்கள் கூண்டில் ஏறி இறங்கும் செங்குத்துக் குழி. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பெரிய சக்கரம் வைத்த இரும்புக் கோபுரம் நிற்கும். அந்தச் சக்கரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடுவோம்.

சுரங்கத்தின் கேட்டுக்கு வெளியே போய் நின்றபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கத்தக்கூடாது, அழக்கூடாது, கையை ஆட்டிக் கூப்பிடக்கூடாது. நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேஜ் என்கிற அந்தக் கூண்டு மேலே வரும். உள்ளேயிருந்து ஆட்கள் கண்ணைக் கொட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவார்கள். வந்ததும் ஒவ்வொருவரும் கூட்டத்தில் தன் வீட்டு முகத்தைத் தேடுவார். கிடைத்ததும் தலையை லேசாக அசைப்பார். இதற்கு எங்கள் லைனில் மூஞ்சி காட்டுவது என்று பேர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து வேலை செய்பவர்களுக்கும் முகம் இல்லாமல் போகாது. யாராவது ஒரு பக்கத்து வீட்டம்மா, "வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க," என்று கூப்பிட்டுவிடுவார். எவரும் வராத ஆளாக அந்தக் கேட்டைத் தாண்டுவதைப் போன்ற அவமானம் எங்கள் ஊரில் வேறொன்று இல்லை.

எங்கள் அப்பா கீழே வேலை செய்த காலத்தில் அண்ணன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கூட்டம் மறைத்தால் தோள்மேல் ஏற்றிக்கொள்வார். "நைனா உன்னத்தான் மொதல்ல தேடுவாரு, நல்லா தலையத் தூக்கு," என்பார். தூக்குவேன்.

அப்பாவை பர்ஸ்ட் கொல்லவில்லை. பாறைத் தூசு நெஞ்சில் ஏறி, இருமி இருமிப் போனார். அதன் பிறகு அண்ணன் கீழே இறங்கினார். டிரில் பிடிப்பவருக்கு உதவியாளாகச் சேர்ந்து பிறகு டிரில் பிடிப்பவராகவே ஆனார். என்னைப் படிக்க வைத்து, தொழிற்பயிற்சிக்கும் அனுப்பி, ஃபிட்டராக்கினார். ஃபிட்டராகி என்ன, எனக்கும் வேலை கீழேதான் கிடைத்தது. பம்புகளையும் குழாய்களையும் பழுது பார்த்துக்கொண்டு சில வருடம் இருந்தேன். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"நம்ம வூட்ல ஒருத்தனாவது வெயில்ல வேலை செய்யட்டும்," என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார்.

அதற்கு ஒரு வழி பிறந்தது, அறுபதுகளின் நடுவில். நெஞ்சு கெட்டும் கால் ஒடிந்தும் கீழே இறங்க முடியாமல் போனவர்களுக்கு மேலே செய்யக்கூடிய ஒரு தொழிலைக் கற்றுத்தரக் கம்பெனி வகுப்பு தொடங்கியது. அதற்குப் பயிற்றுநர்கள் தேவைப்பட்டார்கள். மனு போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முதலில் மெட்ராஸில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சொல்லித்தரக் கற்றுக்கொண்டு வர வேண்டும். அதில் தேறாதவன் பழையபடி கீழேதான். பங்காருபேட்டையில் ரயிலேற்றிவிட வந்த அண்ணன் என்னைவிட அதிகமாகப் பவுடர் பூசியிருந்தார்.

மெட்ராஸில் எங்களுக்குத் தொழில் தெரியும் என்பதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்ததைத் தெரியாதவனிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் அங்கே பாடம். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு இரும்புத் தகட்டில் துளை போடுவது எப்படி என்று கேட்டால் நான் தகட்டை வைத்துத் துளை போடுவேன். அதைச் சொல்லித்தர எழுதிப் பார்த்தபோது, தகட்டை இறுக்கிப் பிடிப்பதற்கும் சுவிட்சைப் போடுவதற்கும் இடையில் நான் என்னென்ன செய்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. முதலில் கற்பவரை ஆயத்தப்படுத்து, பிறகு செய்து காட்டு, பிறகு அவரைச் செய்ய வை, கடைசியில் சோதித்துத் தொகுத்துச் சொல். இந்த நான்கு படிகளை மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்போம்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மாஸ்டர் மெலிந்தவர், எப்போதும் கையில் ஒரு கந்தல் துணியை வைத்து விரல்களைத் துடைத்துக்கொண்டே பேசுவார். கடுமையானவர் இல்லை. அதுதான் பின்னால் எனக்குத் தொல்லையாகப் போயிற்று. "உங்க முன்னால உட்காரப் போறவங்க பெரியவங்க," என்பார். "வீட்ல நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்றவங்க. அவங்களை எல்லார் எதிர்லயும் கூச்சப்பட வெச்சுட்டீங்கன்னா மறுநாள் வகுப்புக்கு வர மாட்டாங்க." எங்களைப் பற்றியும் அவர் அப்படியே நினைத்தார் என்று இன்று தோன்றுகிறது. நான் மறுநாள் வகுப்புக்குப் போகப் பயந்த அந்த நாளைக்கூட அவர் ஏற்படுத்தவில்லை, நானே ஏற்படுத்திக்கொண்டேன்.

அன்று என் பாடம். கூடப் படித்தவர்கள் தொழிலாளர்களாக நடித்தார்கள். மாஸ்டர் கடைசி பெஞ்சில். தகட்டில் துளை போடுவதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு படிகள் நன்றாகவே போயின. மூன்றாவதில், தொழிலாளியாக நடித்த ஒருவர் டிரில்லிங் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று, "மெதுவா இறக்குங்க," என்றேன்.

அடுத்த கொட்டகை வார்ப்புப் பட்டறை. அங்கே சங்கிலி நழுவி ஒரு பெரிய இரும்பு வார்ப்பு தரையில் விழுந்தது. தடாலென்ற சத்தம். காலடியில் தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடிகள் கலகலத்தன.

நான் ஓடினேன். யோசித்து ஓடவில்லை. வகுப்பைத் தாண்டி, நிலையத்தின் தோட்டத்தைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி, சாலைக்கு வந்துதான் நின்றேன். நின்று அண்ணாந்து பார்த்தேன். சக்கரம் வைத்த கோபுரத்தைத் தேடினேன். தென்னை மரங்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. அப்போதும் எனக்குத் தெளியவில்லை. சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி, "எந்த ஷாஃப்ட்டுங்க?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். கையில் சாக்பீஸ் இருந்தது. "வேற யாரையாவது கேளு நைனா," என்று சொல்லி மிதித்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும் வழி நீளமாக இருந்தது. தோட்டக்காரர், காவலாளி, வகுப்பு வாசலில் கும்பலாக நின்றவர்கள், எல்லாரும் வழிவிட்டார்கள். உள்ளே மெஷினை மாஸ்டர் நிறுத்தியிருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்தவர் நான் ஓடியதைத் திரும்பிப் பார்த்தபோது அவருடைய சட்டைக்கை டிரில்லில் சுற்றிக் கிழிந்திருந்தது. கை தப்பியது. மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. தனியாகக் கூப்பிட்டு, ஏன் ஓடினாய் என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அண்ணன் கீழே வேலை செய்கிறார் என்பதையும் சொன்னேன். அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடற மெஷினை விட்டுட்டு வாத்தியார் ஓடினா, அங்க நிக்கறவன் கை போயிடும்ப்பா," என்றார். "உன் ஊர்ல நீ ஓடலாம். வகுப்புக்குள்ள நீ அந்த ஊர்க்காரன் இல்ல."

அந்தச் சொல் சரி. இன்றைக்கும் அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்கு உறைத்தது அது மட்டுமில்லை. அன்றிரவு மெஸ்ஸில் எவனோ தம்ளரைக் கீழே போட்டான், உடனே நாலு மேஜையிலிருந்து, "எந்த ஷாஃப்ட்?" என்று குரல் வந்தது. பிறகு தட்டு விழுந்தால், கதவு அடித்தால், யாராவது பலமாகத் தும்மினால்கூட அதேதான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகிவிடும். இன்னா என்று நான் சொல்வதைக் கேட்டு, ரிக்‌ஷா ஸ்டாண்டில் வளர்ந்தவனா என்று ஏற்கெனவே கிண்டல் இருந்தது. எங்கள் ஊரே என் உடம்பில் ஒட்டிக்கொண்ட அழுக்கு என்பது போல ஆயிற்று. எங்கள் அண்ணனையும் அண்ணியையும், கேட்டில் கூடி நிற்கும் சனத்தையும், வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மெஸ்ஸில் உட்கார்ந்துதான் வெட்கத்தோடு நினைத்தேன்.

மாஸ்டர் என்னை ஃபெயிலாக்கவில்லை. வேலைக்குப் போகலாம், சில மாதம் கழித்துத் தானே வந்து என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபின்தான் முடிவு என்றார். அதுவரை வேலை நிரந்தரமில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்து, சிரிப்பு இருமலாகி, அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆயிற்று. சைக்கிள்காரரிடம் கேட்டதை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

"அந்த ஆளு இன்னான்னு நெனச்சிருப்பான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அது கெடக்குது. அடுத்த தபா ஓடாம இருக்க இன்னா செய்யணும்? அதச் சொல்லு," என்றார்.

பழக வேண்டும், வேறு வழியில்லை என்றேன். அண்ணனே பழக்கினார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பம்ப் ஸ்டவ்வை நடுவில் வைத்து, அதைப் பற்றவைப்பதை ஒரு பாடமாக நான் நடத்துவேன். அண்ணியும் அண்ணனும் மாணவர்கள். அண்ணி ஒழுங்காகக் கேட்பார். அண்ணன் வேண்டுமென்றே, "சார், எண்ணெய மேல ஊத்தணுமா, கீழ ஊத்தணுமா?" என்று கழுத்தறுப்பார். நான் மூன்றாவது படிக்கு வந்து ஏமாந்திருக்கும் நேரம் பார்த்து, எனக்குப் பின்னால் போய் அம்மிக் குழவியைத் தரையில் போடுவார். முதல் சில நாள் நான் தெரு வரை போய்விட்டேன். பிறகு கதவு வரை. பிறகு கால் மட்டும் ஒருமுறை துடித்து நின்றது. கடைசியில் குழவி விழுந்தாலும் என் குரல் மாறாமல், "இப்போது பின்னால் உள்ள திருகை மூடவும்," என்று புத்தகத் தமிழில் தொடர்ந்தது. அண்ணன் கைதட்டினார். "வாத்தியாரு ஆயிட்டான்டி!" என்று அண்ணியிடம் சொன்னார்.

சின்னச் சின்ன பர்ஸ்ட் எங்கள் ஊரில் அவ்வப்போது வந்துகொண்டிருக்கும். மேலே தட்டு லேசாகக் கலகலத்து அடங்கிவிடும், யாரும் ஓட மாட்டார்கள், வாசலில் வந்து மட்டும் பார்ப்பார்கள். அதற்கும் நான் அசையாமல் உட்கார்ந்திருக்கப் பழகினேன். நாலு படிகளை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

"இன்னா தம்பி, காலு மரத்துப்போச்சா?" என்று அண்ணி வாசலிலிருந்து கேட்பார். கிண்டல்தான். ஆனால் கேட்டுவிட்டு என்னைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்ப்பார்.

என் வகுப்பு நல்லபடியாக நடந்தது. பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள். யார் கண்ணிலும் படாமல் பாறைக்குள் வேலை செய்து பழகியவர்களுக்கு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பையன் சொல்வதைக் கேட்பது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் மெட்ராஸில் சொன்னபடி, யார் தப்புச் செய்தாலும் எல்லார் எதிரிலும் திருத்த மாட்டேன். மெஷினைப் பார்த்துப் பேசுவது போலப் பேசுவேன். அவர்களில் ஒருவர் எங்கள் லைனிலேயே குடியிருந்தவர், அப்பாவோடு வேலை செய்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் வெளியே என்னை வாடா போடா என்பார், வகுப்புக்குள் வந்தால் சார் என்பார். ஒருமுறை மறந்துபோய் வகுப்பில் டேய் என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாஸ்டர் வந்தார். பயணத்தில் சட்டையெல்லாம் கரி படிந்திருந்தது. கந்தல் துணி மட்டும் கையில் இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் அதே பாடத்தையே வைத்துக்கொண்டேன், இரும்புத் தகட்டில் துளை போடுவது. எந்த இடத்தில் விழுந்தேனோ அந்த இடத்திலேயே எழுந்து காட்ட வேண்டும் என்ற வீம்பு.

மூன்றாவது படி. மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துளை பாதி இறங்கியிருந்தது. அப்போது வந்தது.

அது பெரியது. முதலில் காலுக்குக் கீழே, பிறகு வயிற்றில், பிறகுதான் காதில். கரும்பலகை கட்டையிலிருந்து ஒரு பக்கம் இறங்கியது. ஆணிப் பெட்டி கவிழ்ந்தது. எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். நான் கையை நீட்டி மெஷினின் சுவிட்சை அணைத்தேன். மாமாவின் கையை எடுத்துவிட்டேன். எல்லாம் முறைப்படி. என் கை நடுங்கவில்லை என்பதை அந்த நேரத்திலும் கவனித்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

பெஞ்சுகள் காலியாயின. இருமுகிறவர்கள், கால் இழுத்து நடப்பவர்கள், எல்லாரும் ஓடினார்கள். மாமா வாசலில் திரும்பினார்.

"இன்னாடா நிக்கற? வாடா! அண்ணன் கீழ கீறான்டா!"

"நீங்க போங்க மாமா," என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சில் இருந்த மாஸ்டரைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்துவிட்டு ஓடினார்.

மாஸ்டர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கந்தல் துணி கீழே கிடந்தது. "என்னப்பா அது?" என்றார்.

"பர்ஸ்ட் சார். கீழே பாறை வெடிச்சிருக்கு."

"உங்க அண்ணன் கீழே வேலை செய்யறார்னு சொன்னே இல்ல?"

"ஆமா சார்."

"இப்பவா?"

"முதல் ஷிஃப்ட் சார். இப்ப கீழதான் இருக்கார்."

அவர் எழுந்து நின்றார். "நீ போகலையா? போப்பா," என்றார்.

இந்த இடத்தைத்தான் நான் வாழ்நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவர் போகச் சொன்னார். மெஷின் அணைந்திருந்தது. வகுப்பில் ஒருவரும் இல்லை. எவர் கையும் போகப் போவதில்லை. நான் போகவில்லை. ஏனென்றால், அது ஒரு சோதனை என்று நினைத்தேன். இவர் என்னைப் போகச் சொல்லி, போகிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த மெட்ராஸ் மெஸ் முழுக்க அந்த நொடி என் பின்னால் உட்கார்ந்து, எந்த ஷாஃப்ட், எந்த ஷாஃப்ட் என்று கத்திக்கொண்டிருந்தது.

"வகுப்பு இன்னும் முடியல சார்," என்றேன்.

இறங்கிய கரும்பலகையை நிமிர்த்தி வைத்தேன். சாக்பீஸை எடுத்தேன். நான்காவது படியை, தொகுத்துச் சொல்வதை, காலி பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்னேன். தகட்டை ஏன் கையால் பிடிக்கக்கூடாது, துளை முடியும் நேரத்தில் ஏன் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், எல்லாவற்றையும் விட்டுப்போகாமல் சொன்னேன். வெளியே தெருவில் கால்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் அண்ணியின் காலும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

முடிந்ததும் குனிந்து துணியை எடுத்துக்கொண்டார். "உனக்கு வேலை உண்டு. நான் சொல்லிடறேன்," என்றார். வாசல்வரை போனவர் நின்றார். "நான் போகச் சொன்னது பரீட்சைக்காக இல்லப்பா," என்றார்.

அப்போதுதான் ஓடினேன். கேட்டுக்குப் போனபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. காயம்பட்ட ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள், அண்ணனும் வந்துவிட்டார், அண்ணி கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர், "இப்பத்தான் வர்றியா?" என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். வீட்டைப் பார்த்து நடந்தேன்.

வீட்டில் அண்ணன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அண்ணி இறக்கி வைத்த சோற்றை மறுபடி அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவராகப் பேசட்டும் என்று நின்றேன்.

"மேல வந்தாரு," என்றார் அண்ணி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "என்னப் பாத்தாரு. தலைய ஆட்டல. என் பக்கத்துல பாத்தாரு. அப்பால பின்னால பாத்தாரு. கூட்டம் முழுக்கப் பாத்தாரு தம்பி. நீ எங்கயோ அடிபட்டுக் கெடக்கறன்னு நெனச்சிகினாரு. மாமாதான் சொன்னாரு, அவன் நல்லா இருக்கான், க்ளாஸ்ல இருக்கான்னு."

சொல்லிவிட்டுச் சோற்றைக் கிளறினார். திட்டியிருந்தால் தேவலை. கீழே பாறை வெடித்த இடத்திலிருந்து உயிரோடு வந்த மனுசன், மேலே பத்திரமாக இருந்த எனக்காகப் பயந்திருக்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது, ஆனால் லைன் வீட்டில் ஒளிய இடம் ஏது.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "பாஸாயிட்டியா?" என்றார்.

"ஆச்சுண்ணே."

"நிரந்தரமா?"

"ஆமாண்ணே."

"நல்லதாப் போச்சு," என்றார். முகம் மலர்ந்துவிட்டது. ஒரு துளி வருத்தம்கூட அதில் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லை. அன்று மாலையே பூந்தி வாங்கிவந்து லைன் முழுக்கக் கொடுத்தார். டீக்கடையில் போவோர் வருவோரை எல்லாம் நிறுத்தி, "பூமியே இடிஞ்சி வுழுந்தாலும் என் தம்பி க்ளாஸ வுட்டு அசைய மாட்டான். மெட்ராஸ்காரனே மெரண்டுட்டான்," என்று சொன்னார். கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா ஒரு மூலையில் டீயை ஆற்றிக்கொண்டு, தலையைத் தூக்காமல் இருந்தார். அண்ணன் என்னை அவமானப்படுத்தத் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது. பாவம், அவர் பெருமைதான் பட்டார்.

அதன் பிறகு பல மாதம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். சொல்லவே கூசுகிறது, வரட்டும் என்றுகூடக் காத்திருந்தேன். ஒருமுறை ஓடிப்போய் நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

வந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மெஷினை அணைத்தேன், எல்லாரையும் போகச் சொன்னேன், நானும் அவர்களோடு ஓடினேன். மூச்சு முட்ட ஓடிக் கேட்டை அடைந்து, அண்ணியைக் கண்டுபிடித்து, பக்கத்தில் போய் நின்றேன். அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டார். கேஜ் மேலே வந்தது. அண்ணன் மூன்றாவதோ நான்காவதோ ஆளாக வெளியே வந்தார். கண்ணைக் கொட்டினார். கூட்டத்தில் அண்ணியைப் பார்த்தார். தலையை அசைத்தார். அவ்வளவுதான், நேராக நடந்து வந்தார். நான் தலையை நன்றாகத் தூக்கிக்கொண்டுதான் நின்றேன். அவர் கண் அண்ணிக்குப் பக்கத்தில் போகவில்லை. என்னைத் தேடுவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

"அண்ணே," என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகத்தில் தூசுக்கு நடுவே அப்படி ஒரு சந்தோஷமும் கவலையும்.

"நீ இன்னாடா இங்க?" என்றார். "க்ளாஸ் இருக்குமே?"

குத்தலாகக் கேட்கவில்லை. என் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து கேட்டார்.

"இன்னிக்கு இல்லண்ணே," என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். நான் சாக்பீஸை விரல்களுக்குள் மூடிக்கொண்டேன்.